உறவைப் பார்க்கவும் ஒரு கையேடு

1901இல் சிறுவன் அம்பேத்கர் கோரேகானில் இருந்த அப்பாவைப் பார்க்கக் கிளம்பினார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் சாதி தெரிந்துவிட்டது. இரட்டைக் கூலி கொடுத்தும் பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்ட வேண்டியிருந்தது. வழியில் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கவில்லை. இதை நாம் படித்திருக்கிறோம்.

இதே வலி அமெரிக்காவிலும் இருந்தது. 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களிலிருந்து சிகாகோ, டெட்ராய்ட் போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள். தாத்தா பாட்டிகள் பலர் தெற்கிலேயே இருந்தார்கள். சொந்தங்கள் கூட வேண்டுமென்றால் நெடுந்தூரம் போக வேண்டும். பேருந்தில் பின்னிருக்கை, அந்த அவமானம் வேண்டாமென்றே பலர் கார் வாங்கினார்கள். ஆனால் வழியில் விடுதி இல்லை, உணவகம் இல்லை, கழிப்பறையும் இல்லை. பொழுது சாய்ந்தபின் கறுப்பர்கள் நிற்கவே கூடாத ஊர்களும் இருந்தன. சோறு கட்டிக்கொண்டு இரவெல்லாம் ஓட்டினார்கள்.

1936இல் ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன், கறுப்பர்களை மதித்து நடத்தும் விடுதிகளையும் கடைகளையும் வீடுகளையும் தொகுத்து 'கிரீன் புக்' வெளியிட்டார். இது தேவைப்படாத நாள் வரும் என்று நம்பினார். 1960இல் இறந்தார். 1964இல் போராட்டங்களின் விளைவாகக் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது.

தோழர்களே, அடுத்த குடும்ப விசேஷத்தில் நம் பாட்டிகளிடம் கேட்போம்: எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றினீர்கள், எந்தக் கடையில் தனிக்குவளை? எழுதி வைப்போம். நம் வழித்தடத்தின் வரலாற்றை நாமே எழுத வேண்டும்.