இடது சோணையும் இருபத்துமூன்று ஆண்டுத் தாமதமும்

வாதக்காய்ச்சலால் இருகூர் வால்வு ஒடுங்கியோரிடத்து இடது சோணை பேருருக் கொள்ளும். 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர் வரையிலான வால்வுத் துவாரம், நோய் முற்றியவிடத்து 1 சதுர சென்ரிமீற்றராகவோ அதனினும் சிறிதாகவோ சுருங்கிவிடுகிறது. வழியற்ற குருதி சோணையில் தேங்க, அமுக்கம் பின்னோக்கி நுரையீரலைத் தாக்குகிறது. வீங்கிய சோணை ஒழுங்கிழந்து துடிக்கையில் அங்கு உறையும் குருதி மூளையைச் சென்றடைதலும் உண்டு. குரல்வளை நரம்பு பாதிப்புற்று நோயாளியின் குரல் கம்மிப்போவதை 1897இல் வியன்னாவில் ஒட்னர் விவரித்தார்.

ஒடுங்கிய வால்வைச் சத்திரசிகிச்சையால் அகலிக்கலாம் என 1902இல் 'லான்செற்' இதழில் லோடர் பிரன்ரன் எழுதியபோது எழுந்தது கண்டனமே. நோயின் உறைவிடம் இதயத் தசையே, வால்வன்று என்பது மக்கென்சி போன்றோரின் செல்வாக்குமிக்க கருத்தாயிருந்தது. 1923இல் பொஸ்ரனில் கற்லர் ஒரு சிறுமியின் வால்வைக் கத்தியால் வெட்டினார். அவள் பிழைத்தாள், பின்வந்தோர் பிழைத்திலர்.

1925 மே மாதம் இலண்டனில் ஹென்றி சூற்றர் வேறொரு வழி கண்டார். சோணையில் காதுபோற் புடைத்து நிற்கும் பையைத் திறந்து, விரலை உட்செலுத்தி, கத்தியின்றியே வால்வை அகலித்தார். நோயால் வீங்கிய அறையே மருத்துவனின் விரலுக்கு வாயிலாயிற்று! நோயாளியான இளம்பெண் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தாள். ஆயினும் வேறெந்த நோயாளியையும் மருத்துவர் அவரிடம் அனுப்பினாரல்லர். மருத்துவரின் அந்த ஏற்பின்மையைச் சூற்றரே 1961இல் ஒரு கடிதத்தில் நினைவுகூர்ந்தார்.

இத்தாமதத்தை மருத்துவரின் பிடிவாதமாக மட்டும் காண்பது பொருந்தாது. அன்று குருதியேற்றலும் மயக்கமருந்தியலும் வளர்ச்சியடைந்திருக்கவில்லை, பெனிசிலினும் இல்லை. எனினும் முயற்சியே கைவிடப்பட்டமைக்கு அக்குறைபாடுகள் முழு விளக்கமாகா. சான்று கண்முன் நிற்கவும் கோட்பாடு விட்டுக்கொடுக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். வாதக்காய்ச்சல் நெருக்கடி மிகுந்த வறிய குடியிருப்புகளின் நோய் என்பதும் ஈண்டு மனங்கொளத்தக்கது. அக்கோட்பாட்டின் விலையைச் செலுத்தியோர் பெரும்பாலும் அங்கிருந்தே வந்தனர்.

கட்டை அவிழ்த்தது விவாதமன்று, போர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரரின் இதயத்திலிருந்து குண்டுச் சிதறல்களை அகற்றிய ஹாக்கன், இதயம் கைபட்டால் நின்றுவிடும் என்ற அச்சத்தைப் போக்கினார். பிலடெல்பியாவில் சார்ள்ஸ் பெயிலி, முன்னைய தோல்விகளின் பின், 1948 யூன் 10ஆந் திகதி காலையில் ஒரு நோயாளியை இழந்தார். அன்று பிற்பகலே வேறொரு மருத்துவமனையில் வெற்றி கண்டார். ஆறு நாட்களின் பின் ஹாக்கனும் வென்றார். அதே ஆண்டு செப்ரெம்பரில் இலண்டனில் றசல் புரொக்கும் இச்சிகிச்சையைத் தொடங்கினார். சூற்றரின் விரல் சென்ற சோணைவழியே இவர்கள் மூவரும் சென்றனர்.