ஓவியங்களைக் காத்த நன்கொடைப் பதிவேடுகள்: டெட்ரோயிட் கலை நூதனசாலையின் அனுபவம்

கலை நூதனசாலைக்குச் செல்பவர்கள் சுவரில் தொங்கும் ஓவியத்தைப் பார்க்கிறார்கள். அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள கடைசி வரியை வாசிப்பவர்கள் குறைவு. இன்னாரின் அன்பளிப்பு, மாநகரின் கொள்வனவு, சங்க நிதியில் வாங்கப்பட்டது என்று அந்த வரி சொல்லும். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் கடிதங்கள், பற்றுச்சீட்டுகள், கூட்டக் குறிப்புகள், உடன்படிக்கைகள் என ஒரு கோவையே இருக்கும். 2013 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ரோயிட் மாநகரம் வங்குரோத்து அடைந்தபோது, எந்த ஓவியத்தை விலை பேசலாம், எதை விலை பேச முடியாது என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள் இந்தப் பதிவுகளிடமே வரவேண்டியிருந்தது.

பதிவுகளில் என்ன இருக்கும்?

நூதனசாலையொன்றின் நிதிசேகரிப்பு ஆவணங்கள் பொதுவாக நான்கு வகைப்படும். முதலாவது, பணிப்பாளருக்கும் கொடையாளருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து. இரண்டாவது, உறுப்பினர் பட்டியலும் சந்தாக் கணக்கும். மூன்றாவது, கட்டட நிதி, கொள்வனவு நிதி போன்ற தனித்தனித் திட்டங்களின் கணக்குகள். நான்காவது, அன்பளிப்பு உறுதிகளும் அவற்றில் கொடையாளர் விதித்த நிபந்தனைகளும். விற்கக் கூடாது, மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், இந்தப் பணத்தை ஓவியம் வாங்க மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பன அத்தகைய நிபந்தனைகள். எழுதி வைக்கப்படாத நிபந்தனை, கொடுத்தவரும் பெற்றவரும் மறைந்த பின்னர் நிலைப்பது கடினம்.

இரு பணப்பைகள்

டெட்ரோயிட் நூதனசாலை 1885 இல் தனியார் நன்கொடைகளால் நிறுவப்பட்டது. பத்திரிகை உரிமையாளரான ஜேம்ஸ் ஸ்கிரிப்ஸ் அதன் தொடக்ககாலக் கொடையாளர்களில் முக்கியமானவர். 1919 இல் நூதனசாலையின் உரிமை மாநகரத்திடம் கையளிக்கப்பட்டது. பழைய நிறுவனம் கலைந்துவிடாமல், நிறுவுநர் சங்கம் என்ற பெயரில் நிதிசேகரிக்கும் அமைப்பாகத் தொடர்ந்தது. அன்றுமுதல் ஓவியங்கள் இரு பணப்பைகளிலிருந்து வந்தன. ஒன்று மாநகரின் வரிப்பணம். மற்றையது கொடையாளரின் பணம்.

1922 இல் வான் கோவின் தன்னுருவ ஓவியம் மாநகரப் பணத்தில் வாங்கப்பட்டது. அமெரிக்காவின் பொது நூதனசாலையொன்றுக்குள் வந்த முதலாவது வான் கோ ஓவியம் அதுவே. 1930 இல் புரூகலின் திருமண நடன ஓவியமும் அவ்வாறே வாங்கப்பட்டது. ஆனால் 1932 - 1933 காலத்தில் மெக்சிக்கோ ஓவியர் டியேகோ ரிவேரா வரைந்த 27 சுவரோவியங்களுக்கான பணத்தை எட்சல் ஃபோர்ட் கொடுத்தார். மூன்றும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும், பதிவேட்டில் அவற்றின் பிறப்பு வேறு வேறு.

2013: ஓவியமா, ஓய்வூதியமா?

2013 ஜூலை 18 அன்று டெட்ரோயிட் மாநகரம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. கடன் சுமார் 18 பில்லியன் டொலர். அமெரிக்க மாநகரம் ஒன்றின் மிகப்பெரிய வங்குரோத்து அதுவாகவே இருந்தது. கடன் கொடுத்த நிறுவனங்களின் பார்வை நூதனசாலை மீது விழுந்தது. மறுபுறத்தில், வாழ்நாள் முழுவதும் உழைத்து ஓய்வுபெற்ற மாநகர ஊழியர்களின் ஓய்வூதியம் வெட்டப்படும் நிலை இருந்தது. ஓவியங்களை விற்று அந்த மக்களுக்குக் கொடுத்தால் என்ன என்ற கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அதற்கு முன்னரே, 2013 ஜூனில் மிச்சிகன் மாநிலச் சட்டமா அதிபர் பில் ஷூட், இந்தச் சேகரிப்பு மக்களுக்கான நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கப்படுவதால் கடனுக்காக அதை விற்க முடியாது என்று கருத்துரைத்திருந்தார். எனினும் மாநகரின் அவசரகால முகாமையாளர் கெவின் ஓர் சேகரிப்பை மதிப்பிட ஏற்பாடு செய்தார். கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் மதிப்பிட்டது மாநகரப் பணத்தில் முழுதாகவோ பகுதியாகவோ வாங்கப்பட்ட 2,781 படைப்புகளை மட்டுமே. நூதனசாலையில் 60,000 இற்கும் மேற்பட்ட படைப்புகள் இருந்தன. மதிப்பீடு 454 முதல் 867 மில்லியன் டொலர். இதில் புரூகலின் ஓவியம் மட்டும் 100 முதல் 200 மில்லியன்.

இந்தக் கோட்டை வரைந்தது பதிவேடு. கொடையாளர் கொடுத்தவையும் சங்க நிதியில் வாங்கப்பட்டவையும் முதற்கட்ட மதிப்பீட்டுக்கு வெளியே நின்றன. மக்களின் வரிப்பணத்தில் வாங்கப்பட்ட, நிபந்தனை எழுதப்படாத படைப்புகளே முதலில் ஆபத்துக்குள் வந்தன. பொதுச்சொத்து என்பதாலேயே ஒன்று பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பியிருந்தோருக்கு அது கசப்பான பாடம்.

பெரும் உடன்பாடு

சமரசப் பேச்சுக்குப் பொறுப்பாக இருந்த நீதிபதி ஜெரால்ட் ரோசன், பெரிய அறக்கட்டளைகளை அழைத்துப் பேசினார். அறக்கட்டளைகள் 366 மில்லியன் டொலர் தர ஒப்புக்கொண்டன. அதில் ஃபோர்ட் அறக்கட்டளையின் பங்கு 125 மில்லியன், கிரெஸ்கி அறக்கட்டளையின் பங்கு 100 மில்லியன். மாநில அரசு 195 மில்லியன் கொடுத்தது. நூதனசாலை தானே 100 மில்லியன் திரட்டித் தர உறுதியளித்தது. மூன்று கார் உற்பத்தி நிறுவனங்கள் அந்த இலக்குக்காக 26 மில்லியன் டொலர் அறிவித்தன.

இந்தப் பணத்துக்கும் இறுக்கமான நிபந்தனை இருந்தது. அது ஓய்வூதிய நிதிக்கே செல்ல வேண்டும், கடன் கொடுத்த நிறுவனங்களிடம் போகக் கூடாது. பதிலாக, ஓவியங்களின் உரிமை மாநகரத்திடமிருந்து நூதனசாலையை நடத்தும் இலாபநோக்கற்ற நிறுவனத்துக்கு மாற வேண்டும். 2014 நவம்பர் 7 அன்று நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ் திட்டத்தை ஏற்றுக்கொண்டார்.

ஓய்வூதியர்கள் முழுதாகத் தப்பவில்லை. பொது ஊழியர்களின் ஓய்வூதியம் 4.5 சதவீதம் குறைந்தது, வாழ்க்கைச் செலவுப் படியும் நின்றது. உடன்பாடு இல்லாவிட்டால் வெட்டு 27 சதவீதம் வரை போயிருக்கும். ஓவியங்கள் காக்கப்பட்ட கதையைச் சொல்லும்போது இந்த இழப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏன் பேண வேண்டும்?

நன்கொடைப் பதிவை நன்றி சொல்வதற்கான பெயர்ப்பட்டியலாக மட்டும் பார்ப்பது வழக்கம். டெட்ரோயிட்டில் அது உரிமைச் சான்றாகவும் இருந்தது. யார் கொடுத்தார், எந்தப் பணத்தில் வாங்கப்பட்டது, என்ன நோக்கத்துக்காக ஒப்படைக்கப்பட்டது என்ற மூன்றும் அன்றன்றே எழுதப்பட்டிருந்ததால், பல தசாப்தங்கள் கழித்து நெருக்கடி வந்தபோது வாதிட ஓர் அடிப்படை இருந்தது.

சேகரிப்புகளைப் பறிகொடுத்த அனுபவம் உள்ள சமூகங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. பொருள் இருக்கும்போதே அதன் பதிவையும் எழுதி, பிரதியை வேறோர் இடத்தில் வைப்பது சிறிய வேலை. பணம் கொடுத்தவர் ஏழையா செல்வந்தரா என்று பாராமல், தொகையையும் திகதியையும் நோக்கத்தையும் ஒரே ஒழுங்கில் எழுதுவதும் அவ்வாறே. பின்னொரு நாளில் இது யாருடையது என்று எவராவது கேட்டால், பதில் சொல்ல அந்த ஏடு இருக்க வேண்டும்.