குளிரில் இழுக்காத டீசல்

ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் லான்ஸ் நிறுவனம் 1921இல் புல்டாக் டிராக்டரை விற்கத் தொடங்கியது. அதை வாங்கிய விவசாயி ஒரு புளோ லேம்ப்பையும் எப்போதும் கைவசம் வைத்திருக்க வேண்டியிருந்தது. என்ஜினின் முகப்பில் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புக் குமிழை அந்த நெருப்பால் நிமிடக்கணக்கில் காய்ச்சுவார். பின்னால் வந்த மாடல்களில் ஸ்டியரிங்கைத் தண்டோடு உருவி, ஃபிளைவீலில் செருகிச் சுற்றுவார்கள். குமிழ் சரியாகக் காயாவிட்டால் என்ஜின் இருமும், வெள்ளைப் புகை கக்கும், நின்றுவிடும். ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890இல் காப்புரிமை பெற்று, இங்கிலாந்தின் கிராந்தம் நகரில் ஹார்ன்ஸ்பி நிறுவனம் 1892 முதல் தயாரித்த என்ஜினின் வழிவந்த முறை இது.

அன்று கோளாறைக் கண்டுபிடிக்கத் தனித் திறமை வேண்டியதில்லை. சூடு எங்கிருந்து வருகிறது என்பது கண்ணுக்கு நேராகவே தெரிந்தது. அடுத்த நூறாண்டில் அந்தச் சூடு என்ஜினுக்குள் ஒவ்வோர் இடமாக ஒளிந்துகொண்டே போனது. குளிரில் இழுவை இழந்த டீசல் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கின் தொழில் வளர்ந்த கதையும் அதுதான்.

ருடால்ஃப் டீசல் 1897இல் அவுக்ஸ்புர்க்கில் ஓட்டிக்காட்டிய என்ஜினில் குமிழும் இல்லை, பொறியும் இல்லை. காற்றை இறுக்கினால் அது கொதிக்கும். அதில் எண்ணெயைத் தெளித்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆனால் உறைந்து கிடக்கும் இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. பென்ஸ் நிறுவனத்தின் பிராஸ்பர் லோரான்ஷ் 1909இல் காப்புரிமை பெற்ற முன்னறை அமைப்பில் இந்தத் தொல்லை இன்னும் கூடியது. சிலிண்டருக்கு முன்னால் இன்னொரு சிறிய அறை இருந்ததால், சூட்டைத் தின்னும் சுவர்ப்பரப்பும் அதிகமானது. அந்தச் சிற்றறைக்குள் மின்சாரத்தால் பழுக்கும் ஹீட்டர் பிளக் இதற்குத் தீர்வாக வந்தது. 1927இல் பாஷ் நிறுவனம் இன்ஜெக்‌ஷன் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. 1936இல் மெர்சிடிஸ் 260 டி கார் டீசலை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நெருப்பு வெளியிலிருந்து உள்ளே போய்விட்டது. பழுத்திருக்கிறதா இல்லையா என்பதை இனிக் கண்ணால் பார்க்க முடியாது.

அமெரிக்காவின் வடக்குச் சமவெளிகளில் குளிர் வேறு வகை. வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமேன், என்ஜினின் ஹெட் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு அங்கே பொருத்தும் மின்சார ஹீட்டருக்கு 1949இல் காப்புரிமை பெற்றார். இரவில் வண்டியைப் பிளக்கில் சொருகிவைக்கும் பழக்கம் அந்தப் பக்கத்தில் வேரூன்றியது. வண்டி நிறுத்துமிடங்களிலும் பிளக் பாயிண்ட் வைத்தார்கள்.

ஆனால் ஹீட்டரால் என்ஜினைத்தான் காக்க முடியும், டேங்கில் இருக்கும் டீசலை அல்ல. டீசலில் கரைந்திருக்கும் பாரஃபின் மெழுகு குளிரில் திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் அங்கே மெக்கானிக்குகளுக்கு முதல் பாடம். ஸ்டார்ட் ஆகவே திணறி, வெள்ளைப் புகை விட்டு, சூடேறியதும் சரியாகிவிட்டால் சூடு போதவில்லை என்று பொருள். நன்றாக ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச தூரம் போனதும் இழுவை விழுந்தால் டீசல் வந்து சேரவில்லை.

1978 மாடலாக ஓல்ட்ஸ்மொபைலின் 5.7 லிட்டர் டீசல் என்ஜின் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் பிக்கப்களிலும் அதைப் பொருத்தினார்கள். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வசதி அதில் இல்லை. பம்புக்குள் துரு ஏறியது, ஹெட் போல்ட்டுகள் தாங்கவில்லை. 1985இல் தயாரிப்பு நின்றபோது, டீசல் என்றாலே அமெரிக்கர்கள் முகம் சுளித்தார்கள். அந்த அவநம்பிக்கையை மாற்றியவை கனரக என்ஜின்கள் தயாரிக்கும் நிறுவனங்களிலிருந்து வந்த என்ஜின்கள். 1983 மாடல் ஃபோர்டு பிக்கப்பில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் 6.9 லிட்டர் என்ஜின் வந்தது; 1989இல் டாட்ஜ் ராமில் கம்மின்ஸ் 5.9 வந்தது. கம்மின்ஸில் ஹீட்டர் பிளக்கே கிடையாது. காற்று உள்ளே போகும் வழியிலேயே ஒரு மின்தகடு பழுக்கும். அது வேலை செய்கிறதா என்று பார்க்க டாஷ்போர்டே போதும்: தகடு மின்சாரம் இழுக்கும்போதெல்லாம் வோல்ட் முள் சரிந்து, விளக்குகள் மங்கும். முள் அசையவில்லை என்றால் தகடு பழுக்கவில்லை.

1994இல் ஃபோர்டு பிக்கப்பில் வந்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்தான் இந்தத் தொழிலைத் தலைகீழாகப் புரட்டியது. அதில் டீசலை நாசில் வழியாகத் தள்ளுவது என்ஜின் ஆயில். தனிப் பம்ப் ஒன்று ஆயிலை இறுக்கி ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் அனுப்பும். உள்ளே இருக்கும் பிஸ்டன் அந்த அழுத்தத்தை ஏழு மடங்காக்கி டீசலைத் தெளிக்கும். ஆயிலின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 500 பவுண்டைத் தொட்டால்தான் என்ஜின் பற்றும். குளிரில் கெட்டிப்பட்ட ஆயில் சோம்பலாக நகர்வதால் முதல் சில நிமிடங்களுக்கு இன்ஜெக்டர்களும் சோம்பலாகவே இயங்கும். 15W-40 ஆயிலை விட்டுவிட்டு, குளிர்காலத்துக்கு 5W-40 சிந்தெட்டிக் ஆயில் ஊற்றினாலே பாதி வண்டிகள் திருந்திவிடும் என்று அனுபவஸ்தர்கள் சொல்வது இதனால்தான். மசகுக்காக மட்டும் இருந்த ஆயில், இழுவையைத் தீர்மானிக்கும் பொருளாகிவிட்டது!

இந்த என்ஜினில் ஏமாற்றும் இடங்களும் அதிகம். சாவியைத் திருப்பியதும் எரிந்து அணையும் காத்திருப்பு விளக்கு, பெரும்பாலான வண்டிகளில், ஹீட்டர் பிளக் பழுத்ததைச் சொல்வதில்லை. ஆயிலின் வெப்பத்தை வைத்துக் கம்ப்யூட்டர் போடும் கணக்கு அது. டீசல் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ரிலேயின் தொடுமுனைகள் தேய்ந்து கருகியிருக்கும்; ‘டிக்’ என்று சத்தம் வரும், மின்சாரம் போகாது. இரண்டு பெரிய முனைகளிலும் மீட்டர் வைத்துப் பார்த்தவருக்கு மட்டும் உண்மை தெரியும்.

அடுத்தது டர்போவிலிருந்து புகை வெளியேறும் வாயில் இருக்கும் தகட்டு வால்வு. குளிர் காலையில் புகைப்பாதையைப் பாதி மூடி, என்ஜினுக்குச் சுமை கொடுத்துச் சீக்கிரம் சூடேற்றுவது அதன் வேலை. மூடியபடியே அது சிக்கிக்கொண்டால் வண்டி மூச்சுத்திணறிப்போகும்: ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஜெட் போல இரைச்சல், ஆனால் இழுவை இல்லை. அந்த இரைச்சலைக் கேட்டுப் பழகாத மெக்கானிக்குகள் நல்ல டர்போவையே கழற்றி மாட்டியதுண்டு. மூன்றாவது, ஆயில் அழுத்தத்தை அளக்கும் சென்சார். அதன் பிளக்கை உருவிவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் அப்போது ஒரு பொது அளவை வைத்துக்கொண்டு வேலை செய்யும். வண்டி முன்பைவிட நன்றாக ஓடினால் சென்சார்தான் பொய் சொல்லியிருக்கிறது. உருவிய பிளக்குக்குள் ஆயில் கசிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

காது, மூக்கு, வோல்ட் முள் என்று இருந்த தொழில் இங்கே ஸ்கேனருக்கு நகர்ந்தது. ஆனாலும் ஸ்கேனர் காட்டுவது எண்ணை மட்டும்தான்; குளிரில் வரும் கோளாறா, சூட்டில் வரும் கோளாறா என்று முதலில் கேட்டவருக்கே அந்த எண் பயன்பட்டது. குளிரில் மட்டும் திணறினால் ஆயிலின் கெட்டித்தன்மை, ஹீட்டர் பிளக். சூடேறிய பின் ஸ்டார்ட் ஆகாவிட்டால், இளகிய ஆயில் தேய்ந்த சீல் வழியாக எங்கோ ஒழுகுகிறது.

2003 மாடலில் வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இதே ஆயில் முறையைத் தொடர்ந்தது; அதில் இன்ஜெக்டர்களுக்கு 48 வோல்ட் கொடுப்பது ஒரு தனி மின்பெட்டி. இன்ஜெக்டரின் ஸ்பூல் வால்வில் பிசுபிசுப்பு படிந்திருந்தால் குளிரில் அது ஒட்டிக்கொள்ளும். அதை அசைக்க முழு வோல்ட்டும் தேவை. அது 45க்குக் கீழே போனால் சிலிண்டர்கள் தவறும், வண்டி உதறும், இழுவை போய்விடும். இன்ஜெக்டர்தான் போச்சு என்று எட்டையும் மாற்றி, பெரும் பணம் கட்டிய பிறகும் அதே உதறலோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. அந்த மின்பெட்டியைக் கெடுப்பதோ பெரும்பாலும் தளர்ந்த பேட்டரி. எனவே விவரம் தெரிந்த பட்டறைகளில் 6.0 பிக்கப் ஒன்று உதறிக்கொண்டு வந்தால், இன்ஜெக்டரில் கை வைப்பதற்கு முன் இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாகப் பிரித்து லோடு கொடுத்துச் சோதிக்கிறார்கள். அப்புறம்தான் மின்பெட்டியின் மூடியைத் திறந்து, செல்ஃப் அடிக்கும்போதே அதன் வோல்ட்டை அளக்கிறார்கள்.