கூந்தலும் குடியுரிமையும்

தமிழிலே 'முடி' என்னுஞ் சொல் தலைமயிரையுங் குறிக்கும். வேந்தர் தலையில் அணியும் மகுடத்தையுங் குறிக்கும். இவ்விரு பொருளையும் ஒருங்கே எண்ணியதுபோல ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2019ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒரு சட்டத்தை ஆக்கிற்று. அதன் பெயர் 'கிரவுன் சட்டம்', அதாவது மகுடச் சட்டம். கறுப்பின மக்கள் தம் தலைமயிரை அது இயற்கையாக வளரும் வண்ணமே வைத்திருப்பதையோ, பின்னியும் திரித்தும் சடையாக விட்டும் அணிவதையோ காரணமாகக் காட்டி, அவர்களுக்கு வேலையும் கல்வியும் மறுக்கலாகாது என்பதே அச்சட்டத்தின் சாரம். ஒருவர் தலையில் இயல்பாக வளரும் மயிருக்கு இருபத்தோராம் நூற்றாண்டிலே சட்டக் காப்பு வேண்டப்பட்டது ஏன்? இவ்வினாவுக்கு விடை காணச் சில நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

மேற்கு ஆபிரிக்க மக்களிடையே தலையலங்காரம் ஒரு மொழி போன்றே வழங்கிற்று. வொலோப், மெந்தே, யொரூபா முதலிய இனத்தவர் பின்னலின் வகையைக் கொண்டே ஒருவரின் வயதையும், குலத்தையும், மணமானவரா என்பதையும், சமூகத்தில் அவர் வகித்த நிலையையும் அறிந்தனர். யொரூபா மக்கள் தலையை ஒருவரது ஊழின் இருப்பிடமாகப் போற்றினர். ஒரு தலையைப் பின்னி முடிக்கப் பல மணி நேரம் செல்லும்; தாயும் மகளும் தோழியரும் அவ்வேளையிற் கூடியிருந்து கதை பேசினர். சுருள்மயிர் எளிதில் உலர்ந்து முறியும் இயல்பினது. அதனை எண்ணெயிட்டு, வகிர்ந்து, பின்னிக் காப்பது அவ்வியல்பை நன்கறிந்த தலைமுறைகள் வளர்த்த கலையாகும்.

அடிமை வாணிகம் இக்கலையை வேரோடு பறிக்க முற்பட்டது. பதினாறாம் நூற்றாண்டு தொடக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் ஆபிரிக்கர் அத்திலாந்திக் சமுத்திரம் கடக்கக் கப்பலேற்றப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். கப்பலேறுமுன் தலை மழிக்கப்பட்டோர் பலர். துப்புரவுக்காகவே மழித்ததாக வணிகர் கூறினர். ஆயின் மழிக்கப்பட்டவரின் குலமும் ஊரும் தகுதியும் அம்மயிரோடு போயின. தோட்டங்களிலே சீப்பும் எண்ணெயும் ஓய்வும் அவர்களுக்கு இல்லை. அவர்தம் மயிரை ஆட்டு உரோமத்தின் பெயராலேயே எசமானர் அழைத்தனர். மனிதரைப் பண்டமாக விற்பதற்கு அவர்களை விலங்கினத்தோடு ஒப்பிட்டுப் பேசும் பழக்கம் துணைபோயிற்று.

விடுதலை பெற்றவரையும் இவ்விழிவு தொடர்ந்தது. லூயிசியானா ஸ்பானியர் ஆட்சியில் இருந்தபோது, 1786ஆம் ஆண்டில் ஆளுநர் மீரோ என்பவர் ஓர் ஆணை பிறப்பித்தார். ஆபிரிக்க வழிவந்த பெண்கள் தலையில் இறகும் அணிகலனும் சூடலாகாது. கூந்தலைத் துணியால் மறைத்துக் கட்டல் வேண்டும் என்பது அவ்வாணை. நியூ ஓர்லியன்ஸ் நகரிலே சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினப் பெண்கள் அழகாலும் செல்வத்தாலும் வெள்ளையரோடு ஒப்ப நிற்பதைத் தடுத்து, அவர்களை அடிமைப் பெண்களின் வரிசையிற் சேர்ப்பதே அதன் நோக்கம். அப்பெண்கள் ஆணையை மீறவில்லை. பல வண்ணத் துணிகளை வாங்கி, உயர்த்தியும் முடிச்சிட்டும், காண்போர் வியக்கக் கட்டினர். இழிவின் சின்னமாக விதிக்கப்பட்ட தலைத்துணி நகரின் நாகரிகமாயிற்று.

1865ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது. எனினும் அழகின் அளவுகோல் வெள்ளையர் கையிலேயே இருந்தது. நேரான மயிருடையவருக்கு வேலை எளிதிற் கிட்டிற்று. இச்சூழலிலே சூடேற்றிய இரும்புச் சீப்பும், மயிரை நீட்டும் காரக் கலவைகளும் பரவின. அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1867இல் லூயிசியானாவிற் பிறந்து, சலவைத் தொழில் செய்து வாழ்ந்த சேரா பிரீட்லவ் என்னும் பெண், பின்னர் மடம் சி. ஜே. வோக்கர் என்னும் பெயரில் கூந்தல் மருந்து வாணிகம் நடத்திப் பெருஞ்செல்வம் ஈட்டினார். அவர் ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களுக்கு விற்பனைத் தொழில் பழக்கி, பிறர் வீட்டுச் சமையலறையை விட்டு வெளியேற வழி செய்தார். கூந்தலின் நலத்தையே அவர் முதன்மையாகப் பேசினார்; ஆயினும் சூடான சீப்பும் அவர் முறையில் இடம்பெற்றது. ஒரே தொழில் பெண்களுக்குத் தற்சார்பையும் தந்தது, பிறர் வகுத்த அழகுக்கு இணங்கவும் வைத்தது. இதனை ஒரு சொல்லாற் புகழ்தலும் இகழ்தலும் வரலாற்றுக்கு நீதியாகா.

தென்னாபிரிக்காவிலோ தலைமயிர் மனிதரின் விதியையே தீர்மானித்தது. 1950ஆம் ஆண்டின் குடித்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனத்தில் அடக்க வேண்டும் என்றது. தோற்றத்தால் ஐயம் எழுந்தவிடத்து, அதிகாரிகள் மயிரினுள் ஒரு பென்சிலைச் செருகிப் பார்ப்பதும் உண்டு. பென்சில் வழுக்கி விழுந்தால் அவர் வெள்ளையர். சிக்கி நின்றால் அவர் வெள்ளையரல்லர். எங்கே வசிப்பது, யாரை மணப்பது, எப்பாடசாலையிற் படிப்பது என்பனவெல்லாம் இத்தகைய சோதனைகளின் முடிவைப் பொறுத்திருந்தன. ஒரே குடும்பத்தார் வெவ்வேறு இனத்தவராகப் பிரிக்கப்பட்டதும் உண்டு. அச்சட்டம் 1991இலேயே நீக்கப்பட்டது.

அமெரிக்காவில் மறுமலர்ச்சி 1960களில் எழுந்தது. 1962ஆம் ஆண்டு சனவரி மாதம் நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில் இளங் கலைஞர் குழுவொன்று ஓர் ஆடை அலங்காரக் காட்சியை நடத்திற்று. அதிலே தோன்றிய கறுப்பினப் பெண்கள் மயிரை நீட்டாமல், இயற்கையான சுருளோடு மேடையேறினர். 'கறுப்பே அழகு' என்னும் முழக்கம் நாடெங்கும் பரவியது. 'அப்ரோ' எனப்பட்ட வட்டமான சுருள்முடி, உரிமைப் போராட்டத்தின் அடையாளமாயிற்று. மல்கம் எக்ஸ், தம் இளமையில் எரியுங் காரத்தைப் பூசி மயிரை நீட்டியதைத் தன்னிழிவின் முதற்படியென்று, 1965இல் வெளியான தமது வாழ்க்கை வரலாற்றிலே கூறினார்.

வீதியில் வென்ற உரிமை நீதிமன்றத்திலே தடுமாறிற்று. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தொழிலில் இனப் பாகுபாட்டைத் தடை செய்திருந்தது. சுருள்முடியின் காரணமாகப் பதவியுயர்வு மறுக்கப்பட்டதென ஒரு பெண் தொடுத்த வழக்கு இச்சட்டத்தின்பாற் படும் என 1976இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று ஏற்றது. ஆனால் 1981இல், பின்னலைத் தடுத்த அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனத்துக்கு எதிராக அதன் ஊழியர் ஒருவர் தொடுத்த வழக்கில், நியூயோர்க் நீதிமன்றம் மாறாகத் தீர்ப்பளித்தது. சுருள்மயிர் பிறப்போடு வந்தது. பின்னலோ ஒருவர் விரும்பிச் செய்துகொள்வது. மாற்றத்தக்க ஒன்றைத் தடுப்பது இனப் பாகுபாடாகாது என்பது அதன் வாதம். இவ்வாதம் நெடுங்காலம் நிலைத்தது. அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில், சடைமுடியை அகற்ற மறுத்த பெண்ணொருவருக்கு 2010இல் வழங்கவிருந்த வேலையை ஒரு நிறுவனம் மறுத்தது. 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அந்நிறுவனத்தின் பக்கமே நின்றது.

மாற்றத்தக்கது என்று சொல்லுதல் எளிது. சடைமுடியை மாற்றுவதாயின் பெரும்பாலும் வெட்டியெறிய வேண்டும். காரக் கலவையால் நீட்டுவதாயின் தலைத்தோல் புண்படும். சில வாரங்களுக்கொருமுறை புதிதாக வளரும் மயிரை மீண்டும் நீட்ட வேண்டும். அதற்குமேலும் அஞ்சத்தக்கதொன்று உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தின் அறிஞர் 33,497 பெண்களை ஏறத்தாழ பதினோராண்டு தொடர்ந்து கவனித்து, 2022இல் ஆய்வு முடிவொன்றை வெளியிட்டனர். மயிர் நீட்டுங் கலவைகளை ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியோர் கருப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு, பயன்படுத்தாதோரைவிட இரு மடங்குக்கு மேற்பட்டது என அவர்கள் கண்டனர். கலவையே நோய்க்குக் காரணம் என இதனால் நிறுவப்படவில்லை. எனினும் பிறர் கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றுவதற்கு ஒரு பெண் கொடுக்கும் விலை எத்தகையது என்பதை இது உணர்த்தும்.

இப்பிரச்சினையின் கூர்மை பாடசாலைகளிலேதான் மிகுதியாகப் புலப்பட்டது. இலண்டன் ஹரோ பகுதியிலே பின்னலோடு வந்த சிறுவனை ஏற்க மறுத்த பாடசாலையின் செயல் மறைமுகமான இனப் பாகுபாடு என 2011இல் இங்கிலாந்தின் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 ஓகஸ்டில், தென்னாபிரிக்காவின் பிரிற்றோரியா நகரத்துப் பெண்கள் உயர்தரப் பாடசாலை மாணவிகள், தம் இயற்கைக் கூந்தலை ஒழுங்கீனமெனக் கண்டித்ததை எதிர்த்துப் போராடினர். நிறவெறிச் சட்டங்கள் ஒழிந்து கால் நூற்றாண்டு கடந்த பின்பும் பென்சிலின் நிழல் வகுப்பறையில் எஞ்சியிருந்ததை உலகங் கண்டது. மாகாணக் கல்வி அதிகாரிகள் அப்பாடசாலையின் கூந்தல் விதியை நிறுத்திவைத்தனர்.

கலிபோர்னியாவின் மகுடச் சட்டத்தைச் செனற்றர் ஹொலி மிச்செல் கொண்டுவந்தார். மாற்றத்தக்கது, மாற்றவொண்ணாதது என்னும் பழைய வாதத்தை அது அடியோடு விலக்கி, இனத்தோடு வரலாற்று வழியாக இணைந்த மயிரின் இயல்பும் பாதுகாப்பான பின்னல் வகைகளும் இனம் என்னும் சொல்லிலேயே அடங்கும் என்றது. அதனைப் பின்பற்றி இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டமியற்றின. முழுநாட்டுக்குமான மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2022 மார்ச்சில் 235க்கு 189 என்னும் வாக்குகளால் ஏற்றது. செனற் சபையிலோ அது நிறைவேறவில்லை. கடல் கடந்து, பிரான்சின் தேசிய சபையும் 2024 மார்ச்சில் இதையொத்த மசோதாவை ஏற்றது.

சட்டம் வந்ததால் யாவும் தீர்ந்துவிடவில்லை. தெக்சாஸ் மாநிலத்தில் இச்சட்டம் 2023 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய நாளிலேதான், தலைமேற் கட்டியிருந்த தன் சடைமுடிக்காக ஒரு மாணவன் வகுப்பினின்று விலக்கப்பட்டான். அவிழ்த்துவிட்டால் அது விதித்த அளவினும் நீளும் என்பதே குற்றச்சாட்டு. சட்டம் பின்னலைக் காக்கின்றதேயன்றி நீளத்தைப் பற்றிப் பேசவில்லை என்று 2024 பெப்ரவரியில் நீதிபதி கூறவே, அவனது தண்டனை நீடித்தது. மாதக்கணக்கில் அவன் தன் வகுப்புத் தோழரைப் பிரிந்து தனித்திருந்து படிக்க நேர்ந்தது.

பாடசாலைக்கும் பணிமனைக்கும் ஒழுங்கு வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். துப்புரவு எல்லாத் தலைக்கும் பொதுவாக விதிக்கத்தக்கது. ஆயின் ஒருசாரார் காலையில் சீப்பெடுத்து ஒரு நொடியில் நிறைவேற்றும் விதியை, மற்றொரு சாரார் தீயாலும் காரத்தாலும் கத்தரியாலுமன்றி நிறைவேற்ற இயலாதெனின், அவ்விதியின் எழுத்து பொதுவேயாயினும் அதன் சுமை பொதுவன்று. மீரோவின் ஆணை தான் யாரைக் குறிவைத்தது என்பதை வெளிப்படையாகக் கூறிற்று. பிற்கால விதிகள் எவரையும் பெயர் சொல்லவில்லை. 'ஒழுங்கு' என்று மட்டும் கூறின. அச்சொல்லை எழுதுவோர் எவருடைய தலையை மனத்திற் கொண்டு எழுதுகின்றனர் என்னும் கேள்வியையே, நியூ ஓர்லியன்ஸ் பெண்களின் வண்ணத் துணி முதல் பிரிற்றோரியா மாணவிகளின் விரித்த கூந்தல் வரை, இவ்வரலாறு எழுப்பி நிற்கின்றது.