நல்லதங்காளும் நீதிமன்றங்களும்

நல்லதங்காள் கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழர் எங்கள் வயதில் குறைவு. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள். பஞ்சம் வருகிறது. ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அர்ச்சுனாபுரத்து அண்ணன் வீட்டுக்கு நடக்கிறாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி சோறு போடவில்லை. பாழுங்கிணற்றில் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டுத் தானும் விழுந்துவிடுகிறாள். வில்லுப்பாட்டாக, நாடகமாக, சினிமாவாக எத்தனையோ தடவை அழவைத்த கதை. விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அவளுக்குக் கோயிலும் இருக்கிறது.

கதை நடந்ததா இல்லையா என்பதல்ல நான் எழுத வந்தது. அந்தப் பெயர் ஒருநாள் கோர்ட்டுக்குள்ளும் போனது. அது பலருக்குத் தெரியாது.

1989இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஒரு மேல்முறையீடு வந்தது. சுயம்புக்கனி எதிர் அரசு என்பது வழக்கின் பெயர். பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் உயிர் தப்பிய தாய். செத்திருந்தால் ஊர் அழுதிருக்கும். பிழைத்துவிட்டதால் கொலைக்குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கொலையைக் கொலையல்லாத மரணமாகக் குறைக்க ஒரு விதிவிலக்கு உண்டு: கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டல். இவளுக்குத் திடீரென்று ஒன்றும் நடக்கவில்லை. வருடக்கணக்காக நடந்தது. நீதிமன்றம் யோசித்தது. திடீரென்று மூட்டினால்தான் ஆத்திரமா, நாள்பட்டு மூட்டினால் இல்லையா என்று கேட்டது. ‘தொடர்ந்த ஆத்திரமூட்டல்’ என்று புதிதாக ஒன்றை ஏற்றுக்கொண்டு குற்றத்தைக் குறைத்தது. அந்த மனநிலைக்கு வைத்த பெயர்தான் ‘நல்லதங்காள் சிண்ட்ரோம்’. 2013இல் அசாமில், கணவனின் அடி தாங்காமல் அவனைக் கொன்ற ஒரு பெண்ணின் வழக்கில் கௌகாத்தி உயர்நீதிமன்றம் இதே தீர்ப்பை எடுத்துக்காட்டியது. நமது கிழவிகள் சொன்ன கதை பிரம்மபுத்திராக் கரைவரைக்கும் போய்விட்டது!

பெருமைப்படத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தீர்ப்பு கேட்ட கேள்வி ‘அவளுக்கு யார் என்ன செய்தார்கள்?’ என்பது. அண்ணியைத் தேடுகிற கேள்வி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வி இருக்கிறது. ‘அவளுக்கு வருத்தமா?’ (எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். தமிழ்நாட்டு நண்பர்கள் கவலை என்று எடுக்கவேண்டாம்.) அந்தக் கேள்வியைச் சட்டம் கேட்கப் பழக முந்நூறு வருடம் எடுத்தது. வரலாறு பாதியில் விட்டவன் நான். என்றாலும் இந்த வரலாற்றைச் சொல்லிப் பார்க்கிறேன்.

இங்கிலாந்தில் 1624இல் ஒரு சட்டம் வந்தது. கல்யாணமாகாத பெண் பிள்ளை பெற்று, அது இறந்ததை மறைத்தால் அவள் கொலைகாரி. பிள்ளை செத்தே பிறந்தது என்று சாட்சி வைத்து நிரூபிக்கவேண்டியது அவள். ஒளித்துப் பெற்றவளுக்குச் சாட்சி எங்கிருந்து வரும்? 1803இல்தான் அதை நீக்கினார்கள். அதன்பிறகும் கொலைக்குத் தூக்குத்தான். 1849இல் றெபேக்கா ஸ்மித் என்ற ஏழைப் பெண்ணை டிவைசஸ் ஊரில் தூக்கிலிட்டார்கள். தன் கைக்குழந்தையைக் கொன்றதற்காக இங்கிலாந்தில் கடைசியாகத் தூக்கில் தொங்கிய தாய் அவள். அதற்குப் பிறகு ஒரு நாடகம் தொடங்கியது. நீதிபதி கறுப்புத் துணியைத் தலையில் வைத்து மரணதண்டனை வாசிப்பார். அவள் மயங்கி விழுவாள். சில நாளில் உள்துறை அமைச்சர் தண்டனையைக் குறைப்பார். எல்லோருக்கும் தெரியும் தூக்கு நடக்காது என்று, கூண்டில் நிற்பவளைத் தவிர. ஜூரிகள் இந்த வேடிக்கைக்குப் பயந்து ‘பிள்ளை செத்தே பிறந்தது’ என்று விடுதலை பண்ணிவிடுவார்கள்.

1921இல் லெஸ்ரர் நகரில் எடித் ரொபேட்ஸ் என்ற 21 வயதுத் தொழிற்சாலைப் பெண்ணுக்கு மரணதண்டனை கொடுத்தார்கள். ஜூரியில் இருந்தவர் எல்லோரும் ஆண்கள். ஊர் கொந்தளித்தது. அடுத்த வருடமே, 1922இல், சிசுக்கொலைச் சட்டம் வந்தது. பிள்ளை பெற்ற பாதிப்பிலிருந்து முழுதாக மீளாமல் மனச்சமநிலை குலைந்த தாய், புதிதாய்ப் பிறந்த பிள்ளையைக் கொன்றால் அது கொலை அல்ல. ‘புதிதாய்ப் பிறந்த’ என்றால் எத்தனை நாள்? 1927இல் 35 நாள் பிள்ளையின் வழக்கு வந்தது. அது புதிதாய்ப் பிறந்தது அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே 1938இல் சட்டத்தைத் திருத்தி 12 மாதம் என்று வைத்தார்கள். இன்று இங்கிலாந்தில் அந்தச் சட்டத்தின்கீழ் வருகிற தாய்மார் பெரும்பாலும் சிறைக்குப் போவதில்லை. வைத்தியசாலைக்கோ கண்காணிப்புக்கோ போகிறார்கள்.

வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் சட்டமும் போனது. ஆனால் ஒரே மாதிரிப் போகவில்லை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 294ஆம் பிரிவில் விதிவிலக்காக அதே 12 மாதம் இருக்கிறது. சிங்கப்பூரிலும் 12 மாதம். மலேசியாவில் புதிதாய்ப் பிறந்த பிள்ளைக்கு மட்டும். இந்தியாவில் அந்த ஏற்பாடே கிடையாது. அங்கே தாய்க்கு இருப்பது 84ஆம் பிரிவு ஒன்றுதான் (2024 யூலையிலிருந்து பாரதிய நியாய சங்கிதாவின் 22ஆம் பிரிவு). செய்வது என்ன, அது தப்பு என்று அறியமுடியாத அளவு புத்தி பேதலித்திருக்கவேண்டும். அது 1843ஆம் வருட இங்கிலாந்து விதி. பாக்கு நீரிணையின் இந்தப் பக்கம் ஒரு தாய் நோயாளி, அந்தப் பக்கம் அதே தாய் கொலைகாரி. நடுவில் சில கிலோமீற்றர் தண்ணீர். படகில் அதைக் கடந்து வந்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு சின்னத் தண்ணீர் என்று.

வளைகுடாவில் வேறு ஒரு யோசனை. குவைத்தின் 1960ஆம் வருடச் சட்டத்தில், பிறந்த உடனே பிள்ளையைக் கொல்லும் தாய்க்குத் தண்டனை குறைவு. ஆனால் காரணம் அவமானத்துக்குப் பயந்ததாக இருக்கவேண்டும். நோய்க்கு அல்ல, மானத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி. அமீரகத்தில் கல்யாணமில்லாமல் பிள்ளை பெற்றால் சிறை என்ற நிலை நீண்டகாலம் இருந்தது. வீட்டு வேலைக்கு வந்த பெண்கள் எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கே போகப் பயந்தார்கள் என்று இங்கே நாள்பட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2022 சனவரி 2இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டம் அதைத் தளர்த்தியது. தாயும் தகப்பனும் கல்யாணம் செய்தால், அல்லது பிள்ளையை ஏற்றுக்கொண்டு பதிந்தால் வழக்கு இல்லை. இந்த மாற்றம் எத்தனை பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றும் என்று யோசித்துப் பாருங்கள். தாய்க்குக் கதவு திறந்திருந்தால் குப்பைத்தொட்டி தேவையில்லை.

சரி, நோய் என்கிறேனே, என்ன நோய்?

பிள்ளை பெற்ற தாய்க்கு நாலைந்து நாள் அழுகை வருவது சாதாரணம். அது தானாகப் போய்விடும். அதற்கு மேலே வாரக்கணக்கில் நிற்பது பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வு. நம்முடையது போன்ற நாடுகளில் ஐந்து தாய்மாரில் ஒருவருக்கு வரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்றாவது அரிது: ஆயிரம் பிரசவத்தில் ஒன்றோ இரண்டோ. பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள் வரும். நித்திரை போய்விடும். இல்லாத குரல் கேட்கும். பிள்ளைக்குள் பேய் இருக்கிறது என்று நம்புவாள். நேற்றுவரை நல்லாயிருந்தவள் இன்று வேறு ஆள். 1858இலேயே பாரிஸில் மார்சே என்ற வைத்தியர் இதைப்பற்றி முழுப் புத்தகம் எழுதிவிட்டார். மருந்து கொடுத்தால் மாறுகிற நோய் இது. மூன்றாவது வகை வந்தவர்களிலும் பெரும்பாலான தாய்மார் பிள்ளைக்கு ஒன்றும் செய்வதில்லை. அதையும் சொல்லவேண்டும். இல்லையென்றால் இதை வாசித்துவிட்டுப் பிள்ளை பெற்றவளையெல்லாம் சந்தேகமாய்ப் பார்ப்பார்கள்.

எங்கள் ஆட்கள் இதைச் சன்னி என்பார்கள். தொண்ணூறுகளில் நாங்கள் இருந்த முகாமில், எங்கள் கொட்டிலுக்கு மூன்றாவது கொட்டிலில் ஒரு அக்காவுக்கு வந்தது. பிள்ளை பிறந்து பத்தாம் நாள். இரவிரவாகக் கதைத்துக்கொண்டே இருந்தா. பிள்ளையைத் தொடமாட்டா. கடலில் விட்டுவிட்டு வந்த தமையன் கூப்பிடுகிறான் என்பா. பேய் என்றார்கள். ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விடலாம் என்றும் கதை நடந்தது. அவவின் மாமியார்தான் (ஆம், மாமியார்) மறித்தா. “என்ர பிள்ளையைச் சங்கிலியில கட்ட விடமாட்டன்” என்று சொல்லி, பிள்ளையைத் தான் வைத்துக்கொண்டு, மருமகளை மதுரைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வைத்தா. குளிசை போட்டு இரண்டு மாதத்தில் அக்கா எழும்பிவிட்டா. அந்தப் பிள்ளைக்கு இப்போது பிள்ளை இருக்கிறது.

பிறகு 2001 ஓகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் எரிந்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் செத்தார்கள். செய்தியைக் கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த அக்காதான்.

இப்படி ஒரு மாமியார் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 2020 யூன் 30, தென் லண்டனில் மிச்சம் என்ற இடம். இலங்கைத் தமிழ்ப் பெண். பேசிச்செய்த கல்யாணம், 2006இலிருந்து லண்டன். ஏறக்குறைய ஒரு வருடமாக உடம்புக்கு ஏதோ வருத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொரோனா முடக்கத்தோடு சாகப்போகிறேன் என்ற பயம் முற்றியது. அன்று தன் ஐந்து வயது மகளைக் கொன்று தன்னையும் குத்திக்கொண்டார். பிழைத்துவிட்டார். பிள்ளைக்கு ஐந்து வயது, ஆகவே 12 மாதச் சட்டம் உதவாது. மனநோயால் பொறுப்பு குறைந்த நிலை என்ற வேறு சட்டத்தின்கீழ் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அல்ல, கால எல்லை இல்லாமல் மனநல வைத்தியசாலைக்கு அனுப்பியது. நீதி என்று பார்த்தால் நல்ல நீதி. ஆனால் அந்தக் கேள்வி ஒரு வருடம் பிந்திக் கேட்கப்பட்டது. பிள்ளை போனபிறகு.

அம்மம்மா சொன்ன நல்லதங்காள் கதையில் ஒரு இடம் உண்டு. மூத்த பையன் தாயின் கைக்குத் தப்பி ஓடுகிறான். ஆடு மேய்க்கிற பொடியங்கள் அவனைப் பிடித்துத் தாயிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கெட்டவர்கள் இல்லை. பிள்ளை தாயோடுதான் இருக்கவேண்டும் என்று நினைத்தவர்கள். ஏன் ஓடுகிறாய் என்று அவனையும் கேட்கவில்லை, அவளையும் கேட்கவில்லை. எனக்கு மூளி அலங்காரியைவிட இந்தப் பொடியங்களைப் பார்த்தால்தான் பயம். ஏனென்றால் நாங்கள் யாரும் மூளி அலங்காரி இல்லை. ஆனால் “பிள்ளையைப் பார், எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தானே?

முகாம் மாமியாரைப் புகழ்ந்தேன் என்பதற்காகப் பழைய முறையெல்லாம் பொற்காலம் என்று சொல்லவரவில்லை. வேலூருக்குப் பக்கத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2002இல் வந்தது. 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு. காரணங்களைப் பாருங்கள்: வறுமை, ஆண்பிள்ளை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, வேலைக்கு ஒத்தாசை இல்லாதது. துடக்கு, பத்தியக் கறி, சரக்கு அரைப்பது எல்லாம் இருக்கிற ஊர்தான் அது. சுற்றி ஆள் இருந்தால் போதாது. இருக்கிற ஆள் கேட்கவேண்டும்.

கேட்க வழி இருக்கிறது. 1987இல் எடின்பரோவில் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் தயாரித்தார்கள். தமிழிலும் அது இருக்கிறது. நிரப்ப ஐந்து நிமிடம். தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் சேர்த்து வைத்து வைத்தியம் செய்யும் முறையை 1948இலேயே லண்டன் கசல் ஆஸ்பத்திரியில் தொடங்கிவிட்டார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் 2009இல் அப்படி ஒரு பிரிவு வந்தது. இந்தியாவின் 2017ஆம் வருட மனநலச் சட்டம், சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது என்கிறது. தண்டனைச் சட்டம் 1843இல் நிற்க, மனநலச் சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

இதையெல்லாம் முசஃபாவில் இருந்துகொண்டு ஏன் எழுதுகிறேன்? எங்கள் கடைக்குச் சாப்பிட வருகிறவர்கள் போனில் ஊர்ச் செய்தி பார்ப்பார்கள். பிள்ளைகளோடு கிணற்றில் குதித்த தாய் பிழைத்தாள் என்று செய்தி வந்தால் உடனே, “இவளையெல்லாம் நடுரோட்டுல நிக்க வச்சு சுடணும்ணே.” சொல்கிறவன் நல்லவன்தான். ஊருக்கு மாதாமாதம் காசு அனுப்புகிறவன். அவன் மனைவிக்கு மூன்றாம் பிள்ளை பிறந்து ஒரு மாதம். அவளோடு கதைப்பது இரவில் பத்து நிமிடம், அதிலும் பாதி நேரம் காசுக் கணக்கு.

இங்கே ஷாபியாவில் வில்லாக்களைப் பலகையால் தடுத்து ஒரு அறைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. கணவனுக்குப் பன்னிரண்டு மணிநேர டியூட்டி. தாய், தமக்கை யாருமில்லை. ஐம்பது பாகை வெயிலில் கைக்குழந்தையோடு வெளியே போகமுடியாது. மாமியார் வாட்ஸ்அப்பில். பக்கத்து அறையில் யார் என்றே தெரியாது. லண்டனில் கொரோனா செய்ததை இங்கே கோடைகாலம் வருடாவருடம் செய்கிறது.

ஆகவே தம்பிமாரே, போன் எடுத்தால் பிள்ளை பால் குடித்ததா என்று கேட்கமுன், நித்திரை கொண்டாயா என்று அவளைக் கேளுங்கள். பிள்ளை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது அலட்சியம் செய்கிற விடயம் அல்ல. ‘நான் இல்லாவிட்டால் பிள்ளைக்கு நல்லது’ என்றோ, பிள்ளையைப்பற்றி விசித்திரமாக ஏதாவதோ சொன்னால் தனிய விடாதீர்கள். பிள்ளையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். இங்கே என்றால் 998 அடித்தால் ஆம்புலன்ஸ் வரும். லீவு தரமாட்டான் முதலாளி என்று சொல்வீர்கள். சம்பளம் வெட்டினால் வெட்டட்டும்.

கோர்ட் எவ்வளவு நல்ல கேள்வி கேட்டாலும் அது கடைசியில்தான் கேட்கும். முதலில் கேட்கவேண்டியவன் ஒரே வீட்டில் இருக்கிறவன். அதற்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை.