ரன்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள்களும் ஒத்தசொற்களும்

ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களைத் தாங்கி நிற்கும் சொற்களுள் ஒன்று ‘ரன்’. இது வினையாகவும் பெயராகவும் வழங்குகிறது. கால்களால் விரைந்து செல்வதே இதன் அறிமுகமான பொருள். ஆனால் ஆறு ஓடுவது, எந்திரம் இயங்குவது, கடை நடத்துவது, தேர்தலில் நிற்பது, துணியில் சாயம் போவது, மூக்கு ஒழுகுவது, நாளிதழ் ஒரு செய்தியை வெளியிடுவது ஆகிய அனைத்துக்கும் இந்த ஓரசைச் சொல்லே போதுமானதாக இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2011-இல் வெளியிட்ட திருத்திய பதிவில், இதன் வினை வடிவத்துக்கு மட்டும் 645 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டன. இவை தொடர்பற்ற குவியல் அல்ல. தடையின்றித் தொடர்ந்து செல்லுதல் என்னும் ஒரே கருவிலிருந்து படிப்படியாகக் கிளைத்தவை.

சொல் வரலாறு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு மூலமாக இரண்டு வினைகள் இருந்தன. ஒன்று ‘ரின்னன்’, தானே ஓடுவது, பாய்வது என்று பொருள். இது எழுத்து இடம் மாறி ‘இர்னன்’ என்றும் வழங்கியது. மற்றொன்று ‘ஆர்னன்’, ஓடச் செய்வது, குதிரையை விரட்டிச் செல்வது என்று பொருள். தமிழில் ‘ஓடு’ தன்வினையாகவும் ‘ஓட்டு’ பிறவினையாகவும் இருப்பது போன்ற இணை இது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மொழியிலும் இதே இனத்தைச் சேர்ந்த ‘ரின்னா’, ‘ரென்னா’ என்னும் வினைகள் இருந்தன. அவற்றின் செல்வாக்கால் ரகரத்தில் தொடங்கும் வடிவம் ஆங்கிலத்தில் வலுப்பெற்றது.

நாளடைவில் தன்வினையும் பிறவினையும் ஒரே வடிவில் கலந்துவிட்டன. நிகழ்காலத்தில் உகரம் பதிந்த இன்றைய எழுத்து வடிவம் 16-ஆம் நூற்றாண்டில் பரவலானது. ஜெர்மன் மொழி இந்த இணையை இன்றும் தனித்தனியே வைத்திருக்கிறது: ‘ரின்னன்’ என்றால் நீர் வழிவது, ‘ரென்னன்’ என்றால் ஓடுவது. ஆங்கிலத்தில் குதிரை ஓடுவதற்கும் ஒருவர் எந்திரத்தை ஓட்டுவதற்கும் ஒரே சொல் வழங்குவதற்கு இந்தக் கலப்பே காரணம். பொருள்கள் பெருகவும் இதுவே முதல் வாயிலாக அமைந்தது.

அகராதிகளில் இடம்

1755-இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், பொருள் வரையறுக்கப் பெரும்பாடு படுத்தும் எளிய வினைகளின் பட்டியலை அதன் முன்னுரையில் தந்தார். அதில் ரன் இடம்பெற்றிருந்தது. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதற்பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்னும் சொல்லுக்கு உரியது. 1989-இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பிலும் அந்த இடம் மாறவில்லை. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணி இணையத்தில் வெளிவரத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 2000-இல் ‘மேக்’, 2007-இல் ‘புட்’, 2011-இல் ரன் என முதலிடம் கைமாறிக்கொண்டே வந்தது.

ரன் பதிவைத் திருத்தியவர் அகராதியாசிரியர் பீட்டர் கில்லிவர். இந்த ஒரு சொல்லுக்கு அவர் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் செலவிட்டார். இச்சொல்லின் பொருள்கள் இவ்வளவு பெருகியதற்குக் காரணம் உண்டு. தொழிற்புரட்சிக்குப் பின் எந்திரம், ரயில், மின்சாரம், கணினி என வந்தவை ஒவ்வொன்றும் இச்சொல்லுக்குப் புதிய வேலை கொடுத்தன. செட், புட் போன்றவை பொருளை ஓரிடத்தில் வைப்பதைச் சுட்டும் சொற்கள். இயங்கிக்கொண்டே இருப்பதைச் சுட்டும் ரன், எந்திர யுகத்தின் தேவைக்கு இயல்பாகவே பொருந்தியது.

வினைப் பொருள்களின் கிளைகள்

நீர்மப் பொருள். ஆறு, குழாய்நீர், கண்ணீர் ஆகியவை ஓடுவதைக் குறிப்பது மிகப் பழைய வழக்கு. சளி பிடித்தவரின் மூக்கு ஒழுகுவதும், சலவையில் ஒரு துணியின் சாயம் மற்றொன்றில் ஏறுவதும் இதன் விரிவு. குளியல் தொட்டியில் நீர் நிரப்புவதையும் ஆங்கிலேயர் இதே வினையால் சொல்வர்.

நீட்சிப் பொருள். இங்கே எதுவும் நகர்வதில்லை; பார்வை மட்டும் நகர்கிறது. சாலை ஊர்களின் வழியே செல்கிறது, வேலி தோட்டத்தைச் சுற்றி நீள்கிறது என்னும் இடங்களில் ரன் வரும். இட நீட்சி பின்னர்க் கால நீட்சியானது. ஒப்பந்தம் ஐந்தாண்டு நடைமுறையில் இருப்பதும், நாடகம் தொடர்ந்து மேடையேறுவதும் இவ்வகை. அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்டிராப்’ நாடகம் 1952 நவம்பரில் லண்டன் மேடைக்கு வந்தது. கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் நின்று, 2021 மே மாதம் மீண்டும் தொடங்கியது. உலகின் மிக நீண்ட ரன் கண்ட நாடகம் என்று அது குறிக்கப்படுகிறது.

இயக்கப் பொருள். எந்திரம், கடிகாரம், பேருந்து ஆகியவை ஓடுவதும், அவற்றை ஓட்டுவதும். கணினியில் நிரலைச் செயல்படுத்துவதும் இதில் அடங்கும். 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் உருவான பேசிக் மொழியில், எழுதி முடித்த நிரலை இயக்கும் கட்டளையே ரன் தான்.

நிர்வாகப் பொருள். எந்திரத்தை ஓட்டுவதிலிருந்து கடை, பள்ளி, துறை, நாடு ஆகியவற்றை நடத்துவது கிளைத்தது. ஓர் அமைப்பு நிற்காமல் இயங்கும்படி பார்த்துக்கொள்வது என்பதே இதன் உட்பொருள்.

போட்டிப் பொருள். பந்தயத்தில் ஓடுவது தேர்தலில் போட்டியிடுவதாக விரிந்தது. இது அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் வேட்பாளர் தேர்தலில் ஓடுவதில்லை, நிற்கிறார். தமிழ் வழக்கும் அதுவே.

இடர்ப் பொருள். காவலையும் தடையையும் மீறிக் கடந்து செல்வது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், வடக்கின் கடற்படை முற்றுகையைத் தாண்டித் தென் மாநிலத் துறைமுகங்களுக்குச் சரக்கு கொண்டுசென்ற கப்பல்கள் ‘பிளாக்கேட் ரன்னர்’ எனப்பட்டன. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, கடல்வழியே மது கடத்தியவர்களுக்கு ‘ரம் ரன்னர்’ என்று பெயர். ஆபத்துக்குத் தன்னை உட்படுத்திக்கொள்வதைச் சொல்லும் தொடர்களும் இக்கிளையைச் சார்ந்தவை.

பெயர்ச்சொல்லாக

தமிழ்ப் பேச்சில் ரன் என்றதும் நினைவுக்கு வருவது கிரிக்கெட். 22 கெஜம் நீளமுள்ள ஆடுதளத்தில் மட்டையாளர் இருவரும் ஒருவரையொருவர் கடந்து எதிர்முனைக் கோட்டை எட்டினால் ஒரு ரன். பழங்காலத்தில் ஒவ்வொரு ரன்னுக்கும் குச்சியில் ஒரு வெட்டு போட்டுக் கணக்கு வைத்தனர். பந்து எல்லையைத் தாண்டினால் யாரும் ஓடாமலேயே நான்கோ ஆறோ ரன்கள் சேர்கின்றன. ஓட்டத்தின் பெயராகத் தொடங்கியது மதிப்பெண்ணின் பெயராகி, ஓட்டத்தையே சாராமல் நிற்பதற்கு இது தெளிவான சான்று.

நிதித்துறையில் ‘பேங்க் ரன்’ என்பது, வங்கி நொடித்துவிடும் என்று அஞ்சி வைப்பாளர்கள் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்பப் பெற முந்துவது. வங்கி தன்னிடம் சேரும் பணத்தின் பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்திருப்பதால், எல்லோரும் ஒன்றாகக் கேட்டால் நல்ல வங்கியும் தள்ளாடும். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் முன் வைப்பாளர்கள் நீண்ட வரிசையில் நின்றது அண்மைக்கால எடுத்துக்காட்டு.

அச்சகத்தில் ஒரே முறையில் அச்சிடும் படிகளின் எண்ணிக்கை, கோழிகள் உலவக் கம்பிவலை அடித்த இடம், பனிச்சறுக்குச் சரிவு, முட்டையிட ஆற்றை எதிர்த்துச் செல்லும் சால்மன் மீன்களின் கூட்டம், தொடர் வெற்றிகள் ஆகியவையும் பெயர்ச்சொல்லாக ரன் எனப்படுகின்றன. பெண்களின் காலுறையில் நூல் விட்டுப்போய் நீளும் கோடு அமெரிக்காவில் ரன். பிரிட்டனில் அதற்கு ‘லேடர்’ என்று பெயர். ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் வரும் சரக்கைக் குறித்த ‘ரன் ஆஃப் த மில்’ இன்று சாதாரணமானது என்னும் பொருளில் வழங்குகிறது.

துணைச்சொல் சேரும்போது

சிறு துணைச்சொல் ஒன்று பின்னால் சேர்ந்தால் வினையின் பொருள் முற்றிலும் மாறும். முதன்மையானவை:

ரன் அவுட்: கையிருப்பு தீர்ந்துபோதல். கிரிக்கெட்டில், கோட்டை எட்டுமுன் ஸ்டம்பு வீழ்த்தப்பட்டு ஆட்டமிழத்தல்.
ரன் இன்டூ: மோதுதல், எதிர்பாராமல் சந்தித்தல், சிக்கலில் மாட்டுதல்.
ரன் ஓவர்: வண்டி ஏற்றுதல், நிரம்பி வழிதல், குறித்த நேரத்தைத் தாண்டுதல்.
ரன் டவுன்: இழித்துப் பேசுதல், மின்கலம் சக்தி இழத்தல், தேடிப் பிடித்தல்.
ரன் அப்: கடன் ஏறவிடுதல்; கொடியை ஏற்றுதல்; துணியை விரைவாகத் தைத்தல்.
ரன் த்ரூ: ஒருமுறை ஒத்திகை பார்த்தல், மேலோட்டமாகப் பார்வையிடுதல், பணத்தைக் கரைத்தல்.

ஒத்தசொற்கள்

ரன் என்பதற்கு எல்லா இடத்திலும் ஈடாகும் ஒத்தசொல் கிடையாது. ஒவ்வொரு கிளைக்கும் தனித்தொகுதி உண்டு. கால் ஓட்டத்துக்குள்ளேயே ‘ஸ்பிரிண்ட்’ குறுந்தொலைவை முழு வேகத்தில் கடப்பது, ‘ஜாக்’ மெல்லோட்டம், ‘டாஷ்’ அவசரப் பாய்ச்சல், ‘போல்ட்’ மிரண்டு ஓடுவது, ‘ஸ்காம்பர்’ சிறு கால்களால் குடுகுடுவென ஓடுவது. நீருக்கு ‘ஃப்ளோ’, ‘ஸ்ட்ரீம்’, பீறிட்டால் ‘கஷ்’. நீட்சிக்கு ‘எக்ஸ்டெண்ட்’, ‘ஸ்ட்ரெட்ச்’. எந்திரத்துக்கு ‘ஆபரேட்’, ‘வொர்க்’. நிர்வாகத்துக்கு ‘மேனேஜ்’, ‘அட்மினிஸ்டர்’, ‘கண்டக்ட்’. கடத்தலுக்கு ‘ஸ்மக்கிள்’.

தொனியும் வேறுபடும். ஒருவர் பள்ளியை ‘ரன்’ செய்கிறார் என்பது இயல்பான பேச்சு. ‘அட்மினிஸ்டர்’ என்றால் அலுவலக நெடி ஏறும். இத்தகைய சொற்களை அகரவரிசையில் அன்றிக் கருத்துவாரியாகத் தொகுத்த நூல்களுள் புகழ்பெற்றது, மருத்துவர் பீட்டர் மார்க் ரோஜே 1852-இல் வெளியிட்ட தெசாரஸ். அவர் சொற்களை ஏறத்தாழ ஆயிரம் கருத்துத் தலைப்புகளில் அடுக்கினார். அதனால் ரன் போன்ற சொல் ஒன்று பல தலைப்புகளின் கீழ் வருகிறது. தமிழில் இந்த வேலையைச் செய்தவை நிகண்டுகள். ஒரு சொல்லின் பல பொருள்களைத் திரட்டுவதற்கென்றே திவாகரம் என்னும் நிகண்டு தனித்தொகுதி வைத்திருக்கிறது.

தமிழில் பெயர்க்கும்போது

தமிழின் ‘ஓடு’ என்னும் வினையும் பல பொருள் கொண்டதே. ஆறு, வண்டி, கடிகாரம், படம் ஆகியவை தமிழிலும் ஓடும். இவ்விடங்களில் நேர்ச்சொல்லே பொருந்தும். நிர்வாகப் பொருளில் தமிழ் ‘நட’ என்பதன் பிறவினையான ‘நடத்து’ என்பதை வைத்திருக்கிறது. ஆங்கிலம் ஓட்டமாகக் காண்பதைத் தமிழ் நடையாகக் காண்கிறது. ஆங்கிலம் ரன் என்று சொல்லும் வேறு இடங்களில், தமிழில் காய்ச்சல் அடிக்கும், சாயம் போகும், சாலை செல்லும், செய்தி வெளியாகும். இவற்றில் ஓட்டத்தைப் புகுத்தினால் தொடர் தமிழாகாது.

பொருளைத் துணிய எழுவாயும் செயப்படுபொருளும் துணைச்சொல்லும் வழிகாட்டும். நீர்மம் எழுவாயானால் ஒழுகுதல், இடம் எழுவாயானால் நீளுதல், அமைப்பு செயப்படுபொருளானால் நடத்துதல். எழுவாயும் ஐயத்துக்கு இடமளித்தால், ரன் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு தொகுதியின் ஒத்தசொல்லையும் வைத்துப் பார்க்கலாம். தொடரின் கருத்து சிதையாமல் எது பொருந்துகிறதோ, அந்தத் தொகுதியின் பொருளே அங்கு உரியது.