கறையாகப் பிறந்த சிலிக்கான்

1950களின் நடுவில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஊலிரும் அவர் மனைவி இங்கெபோர்க்கும் சிலிக்கான் தகட்டை வழவழப்பாக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் தகட்டை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் மேடுபள்ளம் கரைந்துவிடும் என்பது கணக்கு. மின்னோட்டம் குறைந்தபோதோ கறுப்பும் பழுப்பும் சிவப்புமாக ஒரு படலம்தான் மிஞ்சியது. ஆர்தர் 1956இல் தம் கட்டுரையில் அதைக் குறித்துவைத்தார்; அவ்வளவுதான்.

அந்தக் கறையும் சிலிக்கானேதான், நுண்துளைகள் விழுந்து கடற்பஞ்சுபோல் ஆன சிலிக்கான். ஒரு கிராமுக்குள் பல நூறு சதுர மீட்டர் பரப்பு! 1980களில் ஜப்பானியர்கள் அதை ஆக்சைடாக்கி, சில்லுகளில் மின்கடத்தா அடுக்காகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். மற்றபடி சீண்டுவாரில்லை.

1990இல் இங்கிலாந்தின் மால்வெர்னில், பாதுகாப்புத் துறையின் ராடார் ஆய்வகத்தில், லீ கேன்ஹம் அதன்மீது லேசரைப் பாய்ச்சினார். செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது! ஒளி உமிழ்வதில் சிலிக்கான் பெரிய சோம்பேறி என்றல்லவா எல்லோரும் படித்திருந்தார்கள்? உலகெங்கும் ஆய்வகங்கள் நகலெடுக்கக் கிளம்பின. தகடும் அமிலமும் மின்சாரமும் இருந்தால் போதுமே. ஆனால் ஒளிரும் சில்லு கைகூடவில்லை. பொருள் நொறுங்கியது, காற்றுப் பட்டாலே மாறியது.

கேன்ஹம் அந்த நிலையாமையையே பிடித்துக்கொண்டார். உடல் திரவத்தைப் போலத் தயாரித்த கரைசலில் அதை மூழ்கவைத்து, 1995இல் முடிவை வெளியிட்டார். சில மாதிரிகளின்மேல் எலும்பின் கனிமம் படிந்தது. துளை மிகுந்தவை கரைந்தே போயின. கரைந்து வருவது சிலிசிக் அமிலம், தானியங்கள் வழியே நாம் தின்று சிறுநீரில் கழிப்பதுதான். அப்படியானால் துளைகளில் மருந்தை அடைக்கலாம். மின்னோட்டத்தால் துளையின் அகலத்தையும், ஆக்சைடுப் பூச்சால் கரையும் வேகத்தையும் கட்டுப்படுத்தலாம்.

பிறகு வியாபாரம் வந்தது. பிரிட்டிஷ் பாதுகாப்பு ஆராய்ச்சியிலிருந்து பிஎஸ்ஐமெடிகா கிளைத்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருந்த பிசிவிடா அதை வாங்கியது. கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிய சிலிக்கான் துகள்களைச் சிங்கப்பூரில் கல்லீரல் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திச் சோதித்தார்கள். பிசிவிடாவின் கையில் அது சந்தைக்கு வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், பிசிவிடாவுக்குச் சோறு போட்டது அது வழியில் சேர்த்துக்கொண்ட இன்னொரு நிறுவனத்தின் கண்மருந்து. அதற்கும் நுண்துளைச் சிலிக்கானுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

2009இல் சான் டியேகோவில் மைக்கேல் செய்லரின் குழு நுண்துளைச் சிலிக்கான் துகள்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியது. சில்லுக்காரர்கள் கைவிட்ட அதே ஒளி இங்கே உதவிக்கு வந்தது. துகள் எங்கே தங்கியிருக்கிறது என்பதை வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது. சில வாரங்களில் எலிகளின் உடம்பிலிருந்து துகள்கள் கழிந்துபோயின.